பட்டறைப் பக்கம்: இறங்கிய கண்ணாடி ஏற மறுக்கிறதா?

கேள்வி: ‘‘எங்களிடம் 2009-ம் ஆண்டு மாடல் கார் இருக்கிறது. மூன்றாவது கை மாறி வந்த வண்டி. உர மூட்டை, மாட்டுத்தீவனம், முருங்கைக்காய் எல்லாம் இதில்தான் போய் வருகின்றன. வாரம் இரண்டு நாள் அம்மாவை டயாலிசிஸ் சிகிச்சைக்கு அழைத்துப் போவதும் இதில்தான். அம்மா உட்காரும் முன் இடது கதவில் பவர் விண்டோ பழுதாகிவிட்டது. கீழே அழுத்தினால் கண்ணாடி பழைய வேகத்திலேயே இறங்குகிறது. மேலே அழுத்தினால் சத்தமே இல்லை. கையால் தூக்கிப் பார்த்தோம், அசையவில்லை. பாதியில் நிற்கும் கண்ணாடிக்கு மேல் பாலித்தீன் தாள் ஒட்டி ஓட்டிக்கொண்டிருக்கிறோம். பட்டறையில், ‘மோட்டார் போச்சு, செட்டாக மாற்ற வேண்டும்’ என்கிறார்கள். ஐப்பசி மழை நெருங்குகிறது. மாற்றித்தான் ஆக வேண்டுமா?’’

- ஒரு வாசகர், தாராபுரம் வட்டம், திருப்பூர் மாவட்டம்.

பதில்: அவசரப்பட்டு மாற்றாதீர்கள். நீங்கள் எழுதியிருக்கும் மூன்று அடையாளங்களை வைத்துப் பார்த்தால், உங்கள் மோட்டார் நன்றாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

தோட்டத்தில் போர் மோட்டார் ஓடவில்லை என்றால் என்ன செய்கிறோம்? எடுத்தவுடன் ஆளைக் கூப்பிட்டு மோட்டாரை மேலே தூக்கச் சொல்வதில்லை. கரண்ட் வந்திருக்கிறதா, மூன்று ஃபேஸும் இருக்கிறதா, ஃபியூஸ் போயிருக்கிறதா, ஸ்டார்ட்டர் இழுக்கிறதா, கேபிள் எங்காவது அறுந்திருக்கிறதா என்று மேலிருந்து வரிசையாகப் பார்க்கிறோம். எல்லாம் சரியாக இருந்தால்தான் மோட்டாரைத் தூக்குகிறோம். காரணம், தூக்குவதுதான் அதிகச் செலவு. கார் கண்ணாடிக்கும் இதே வரிசைதான். செலவில்லாத சோதனை முதலில், செலவு வைக்கும் சோதனை கடைசியில்.

கதவுக்குள் என்ன இருக்கிறது?

கதவின் உள்பக்கம் 12 வோல்ட் பேட்டரி கரண்டில் ஓடும் சிறிய மோட்டார் ஒன்று இருக்கிறது. அதற்கு இரண்டு வயர்கள்தான். ஒரு வயரில் பிளஸ், இன்னொன்றில் மைனஸ் கொடுத்தால் கண்ணாடி ஏறும். அவற்றை மாற்றிக் கொடுத்தால் இறங்கும். அந்த மாற்றும் வேலையைத்தான் சுவிட்ச் செய்கிறது. ஏற்றுவதற்கு ஒன்று, இறக்குவதற்கு ஒன்று என இரண்டு மோட்டார்கள் கிடையாது. இறக்கும் அதே மோட்டார்தான் திரும்பிச் சுற்றி ஏற்றுகிறது.

மோட்டாரின் சுழற்சியைக் கண்ணாடியின் ஏற்ற இறக்கமாக மாற்றும் சட்டத்தை ரெகுலேட்டர் என்கிறோம். இதில் இரண்டு வகை உண்டு. கத்தரிக்கோல் போல விரிந்து மடங்கும் இரும்புக் கைகள் கொண்டது ஒரு வகை. சைக்கிள் பிரேக் கேபிள் போன்ற எஃகுக் கம்பியில் இழுக்கப்படுவது இன்னொரு வகை. மோட்டாருக்கு முன்னால் திருகுப் பல்சக்கரம் இருப்பதால், கண்ணாடியைக் கையால் அழுத்தினாலும் தூக்கினாலும் அசையாது. அது அசையாமல் உறுதியாக நின்றால் பல்சக்கரமும் கேபிளும் பெரும்பாலும் முழுதாக இருக்கின்றன என்று பொருள். கையோடு லொடலொடவென்று வந்தால், கேபிள் அறுந்துவிட்டது அல்லது கண்ணாடியைப் பிடித்திருக்கும் கிளிப் உடைந்துவிட்டது.

இப்போது உங்கள் வண்டிக்கு வருவோம். கண்ணாடி கையால் அசையவில்லை. அப்படியென்றால் ரெகுலேட்டர் பிழைத்தது. இறங்கும்போது பழைய வேகம். அப்படியென்றால் மோட்டாருக்கு உயிர் இருக்கிறது. ஏற்றும்போது சத்தமே இல்லை. அப்படியென்றால் அந்தத் திசைக்கான கரண்ட் மோட்டாருக்கு வந்து சேரவில்லை. பழுது சுவிட்சில் இருக்கலாம், அல்லது கதவு இடுக்கில் மடங்கிப் போகும் வயரில் இருக்கலாம். இரண்டுமே மோட்டார் செட்டைவிட மிகக் குறைந்த செலவில் முடியக்கூடியவை.

பணம் கேட்காத ஐந்து சோதனைகள்

1. பூட்டுப் பொத்தான்: ஓட்டுநர் கதவுச் சுவிட்ச் பலகையில், மற்ற கதவுகளின் சுவிட்சுகளை முடக்கும் பொத்தான் ஒன்று இருக்கும். மூட்டை ஏற்றும்போது கை பட்டு அது அழுந்தியிருந்தால், மற்ற கதவுகளில் உள்ள சுவிட்சுகள் வேலை செய்யாது. இதைக்கூடப் பார்க்காமல் பட்டறைக்குப் போகிறவர்கள் உண்டு. முதலில் அதை ஒருமுறை அழுத்தி விடுவித்துப் பாருங்கள்.

2. இரண்டு சுவிட்சும்: பழுதான கண்ணாடியை அந்தக் கதவின் சுவிட்சிலும், ஓட்டுநர் பக்கத்துச் சுவிட்சிலும் மாறி மாறி இயக்கிப் பாருங்கள். ஓட்டுநர் பக்கத்தில் இயங்கி, கதவில் இயங்காவிட்டால் கதவுச் சுவிட்சைச் சந்தேகப்படுங்கள். கதவில் இயங்கி, ஓட்டுநர் பக்கத்தில் இயங்காவிட்டால் ஓட்டுநர் பலகையைச் சந்தேகப்படுங்கள். பல பழைய கார்களில் மற்ற கதவுகளின் மோட்டாருக்கான எர்த், ஓட்டுநர் பலகையைச் சுற்றித்தான் வருகிறது. அதனால் இடது கதவுச் சுவிட்ச் புதிதாகவே இருந்தாலும், வலது கதவுப் பலகையில் உள்ள பழுது இடது கண்ணாடியை நிறுத்திவிடும். இதை அறியாமல் இடது கதவைப் பிரித்துப் போட்டு நாள் முழுக்கத் தேடுவதுண்டு.

3. இரவில் விளக்குச் சோதனை: இருட்டிய பிறகு இன்ஜினை ஓட்டாமல் சாவியை ஆன் நிலையில் மட்டும் வைத்து, வண்டிக்குள் இருக்கும் கூரை விளக்கைப் போடுங்கள். இப்போது கண்ணாடிச் சுவிட்சை அழுத்துங்கள். விளக்கு சற்று மங்கினால், கரண்ட் மோட்டார்வரை போகிறது, ஆனால் மோட்டாரோ கண்ணாடியோ இறுகி நிற்கிறது என்று பொருள். விளக்கில் எந்த மாற்றமும் இல்லை, சத்தமும் இல்லை என்றால் கரண்ட் வழியிலேயே எங்கோ நின்றுவிட்டது. ஒரு பைசா செலவில்லாத இந்தச் சோதனை, பழுது மின்சாரத்திலா இரும்பிலா என்று பாதித் தேடலைக் குறைத்துவிடும்.

4. கதவை ஆட்டிப் பார்ப்பது: கதவுக்கும் வண்டிக்கும் நடுவே, கீல் ஓரமாக, மடிப்பு மடிப்பாக ஒரு ரப்பர் குழாய் போகும். கதவுக்குப் போகும் வயர்கள் எல்லாம் அதற்குள்தான் இருக்கின்றன. ஒவ்வொரு முறை கதவைத் திறந்து மூடும்போதும் அவை மடங்கி நிமிர்கின்றன. பத்துப் பதினைந்து வருடத்தில் வயரின் உள்ளே செம்புக் கம்பி அறுந்துவிடும். மேல் தோல் நன்றாக இருப்பதுபோலவே தெரியும். ஒருவர் சுவிட்சை அழுத்திப் பிடித்திருக்க, இன்னொருவர் கதவை மெதுவாகத் திறந்து மூடட்டும். ஏதாவது ஒரு நிலையில் கண்ணாடி திடீரென நகர்ந்தால் பழுது அங்கேதான். அதே கதவில் ஸ்பீக்கரும் விட்டுவிட்டுப் பாடுகிறது, சென்ட்ரல் லாக்கும் சண்டித்தனம் செய்கிறது என்றால் சந்தேகமே வேண்டாம். இதில் ஓட்டுநர் கதவையும் மறக்காமல் ஆட்டிப் பாருங்கள். நாளைக்கு அதிகம் திறந்து மூடுவது அதைத்தான்.

5. காதால் கேட்பது: கதவில் காதை வைத்து, சுவிட்சை அழுத்தச் சொல்லுங்கள். ‘ங்ங்’ என்று மோட்டார் சுற்றும் சத்தம் கேட்டு, கண்ணாடி நகராவிட்டால் கேபிளோ பல்சக்கரமோ போயிற்று. ‘கடகட’ என்ற சத்தம் வந்தால், பிரிந்த கேபிள் உருளையில் சிக்கியிருக்கிறது. ‘டக்’ என்று ஒரே சத்தத்தோடு நின்றால் கண்ணாடி எங்கோ பிடித்திருக்கிறது. கதவை உள்ளங்கையால் தட்டும்போது மோட்டார் ஓட ஆரம்பித்தால், உள்ளே இருக்கும் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கிறது. அந்த மோட்டாருக்கு ஆயுள் அதிகம் இல்லை.

நீங்கள் முதலில் இரண்டாவது, நான்காவது சோதனைகளைச் செய்யுங்கள். ஓட்டுநர் பக்கத்துச் சுவிட்சில் கண்ணாடி ஏறிவிட்டால் அந்த இடத்திலேயே பாதிக் கவலை தீர்ந்தது. ஏற்றி வைத்துவிட்டு, நிதானமாகப் பழுதைத் தேடலாம்.

ஒரு பல்ப், இரண்டு வயர்

ஐந்து சோதனையிலும் தெளிவு கிடைக்கவில்லை என்றால் கதவின் உள்மூடியைக் கழற்ற வேண்டும். பட்டறையில் இதை டோர் பேட் என்பார்கள். கைப்பிடிக் குழிக்குள், திறப்பு லீவருக்குப் பின்னால், கீழ் ஓரத்தில் என்று சில திருகாணிகள் இருக்கும். அவற்றைக் கழற்றிய பிறகு சுற்றிலும் பிளாஸ்டிக் கிளிப்புகள். துணி சுற்றிய தட்டையான கரண்டிக் காம்பை நுழைத்து, கிளிப் இருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் நெம்பினால் உடையாமல் வரும். உள்ளே ஒட்டியிருக்கும் பாலித்தீன் தாளைக் கிழிக்காமல் உரித்து எடுங்கள். திரும்ப ஒட்ட வேண்டும். கதவிலோ சீட் ஓரத்திலோ ஏர்பேக் உள்ள வண்டியாக இருந்தால் இந்த வேலையில் நீங்கள் கை வைக்காதீர்கள், தெரிந்தவரிடம் விடுங்கள்.

மோட்டாருக்குப் போகும் கப்ளரைக் கழற்றி, வயர் பக்கத்து இரண்டு முனைகளிலும் 12 வோல்ட், 21 வாட் இண்டிகேட்டர் பல்ப் ஒன்றை இணையுங்கள். சாவியை ஆன் செய்து சுவிட்சை மேலே அழுத்துங்கள்; பிறகு கீழே அழுத்துங்கள். இழை பல்புக்குப் பிளஸ், மைனஸ் பேதம் கிடையாது. இரண்டு பக்கமும் எரிய வேண்டும்.

இரண்டு பக்கமும் பளிச்சென்று எரிந்தால் சுவிட்சும் வயரும் நன்றாக இருக்கின்றன, மோட்டார்தான் குற்றவாளி. ஒரு பக்கம் மட்டும் எரிந்தால் மோட்டார் நிரபராதி. சுவிட்சையும் வயரையும் பாருங்கள். இரண்டு பக்கமும் மங்கலாக எரிந்தால் எங்கோ இணைப்பு துருப்பிடித்திருக்கிறது அல்லது எர்த் சரியில்லை.

மல்டிமீட்டர் இருந்தால் அதையும் பயன்படுத்தலாம். ஆனால், ஒற்றை இழையில் தொங்கும் வயரிலும் மீட்டர் 12 வோல்ட் காட்டிவிடும். பல்ப் அப்படி ஏமாறாது. கிட்டத்தட்ட 2 ஆம்பியர் இழுத்துப் பார்த்துத்தான் எரியும். வாய்க்காலில் தண்ணீர் கண்ணுக்குத் தெரிகிறது என்பதும், கடைசி வயல்வரை பாய்கிறது என்பதும் வேறு வேறு அல்லவா? LED பல்பை இதற்குப் பயன்படுத்தாதீர்கள். அது ஒரு பக்கம்தான் எரியும். மிகக் குறைந்த கரண்டிலும் எரிந்துவிடும்.

அடுத்து, மோட்டாரின் இரண்டு முனைகளுக்கும் பேட்டரியிலிருந்து நேரடியாக இரண்டு வயர் கொடுத்துப் பார்க்கலாம். வழியில் 20 ஆம்பியர் ஃபியூஸ் ஒன்று கட்டாயம் இருக்க வேண்டும். தொட்டுத் தொட்டு எடுங்கள். பிடித்துக்கொண்டே இருக்க வேண்டாம். ஒரு பக்கம் ஓடினால், வயரை மாற்றிக் கொடுத்தால் மறுபக்கமும் ஓட வேண்டும்.

மழைக்கு முன் உங்களுக்கு உதவப் போவதும் இதுதான். பழுது தீரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. உள்ளூர் ஆட்டோ எலக்ட்ரீஷியன் ஒருவர் இப்படி நேரடிக் கரண்ட் கொடுத்துக் கண்ணாடியை ஏற்றி, கப்ளரைக் கழற்றியபடியே விட்டுவிட்டால் கண்ணாடி மேலேயே நிற்கும். பாலித்தீன் தாள் தேவைப்படாது. அம்மா நனையாமல் போய் வரலாம்.

சுவிட்ச் என்றால் என்ன செய்வது?

முதலில் மாற்றிப் போட்டுப் பாருங்கள். பல மாடல்களில் முன் இடது கதவுக்கும் பின் கதவுகளுக்கும் ஒரே சுவிட்ச்தான். கப்ளர் ஒன்றுபோல் இருந்தால், நன்றாக இருக்கும் பின் கதவுச் சுவிட்சை முன் கதவில் போட்டால் உண்மை தெரிந்துவிடும். பழுது சுவிட்சோடு இடம் மாறினால் சுவிட்ச்தான் கெட்டது.

சுவிட்சுக்குள் கரி படிவதும், தூசி அடைவதும், தேநீர் சிந்துவதும் சாதாரணம். ஸ்பேர் பார்ட்ஸ் கடைகளில் மின் தொடுமுனைகளைச் சுத்தம் செய்யும் ஸ்பிரே கிடைக்கும். பேட்டரி மைனஸைக் கழற்றிவிட்டு அதை அடித்து, சுவிட்சை இருபது முப்பது முறை மேலும் கீழும் அசைத்து, நன்றாக உலர விடுங்கள். மண்ணெண்ணெய், பெட்ரோல் ஊற்றிக் கழுவாதீர்கள். தொடுமுனை கருகிக் குழி விழுந்திருந்தால் சுத்தம் செய்தும் பயன் இல்லை. புதிய சுவிட்ச் போடுவதே சரி.

வயர் அறுந்திருந்தால், இரண்டு முனைகளையும் முறுக்கி டேப் சுற்றி விடுவதுதான் வழக்கம். அது ஆறு மாதம் தாங்காது. மடங்கும் இடத்தில் இணைப்பே இருக்கக் கூடாது. அறுந்த பகுதியை வெட்டி எடுத்துவிட்டு, அதே தடிமனில் பல இழைகள் கொண்ட வளையும் வயரைக் கொஞ்சம் நீளமாகச் சேர்த்து, இணைப்புகள் இரண்டும் ரப்பர் குழாய்க்கு வெளியே வரும்படி ஈயம் பற்றவைத்து, சூட்டில் சுருங்கும் ஸ்லீவ் போடச் சொல்லுங்கள். ஒரு வயர் அறுந்திருந்தால் பக்கத்து வயர்களும் அதே வயதுதான். அவற்றையும் இழுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ரப்பர்போல நீளும் வயரின் உள்ளே செம்பு அறுந்திருக்கும்.

ஃபியூஸுக்குப் பதிலாகக் கம்பி வேண்டாம்

ஒரு கண்ணாடி மட்டும் நின்றால் அந்தக் கதவைப் பாருங்கள். நான்கும் ஒரே நேரத்தில் நின்றால் ஃபியூஸ், ரிலே, சாவி சுவிட்ச், ஓட்டுநர் பலகையின் கப்ளர் ஆகியவற்றைப் பாருங்கள். பவர் விண்டோவுக்குப் பெரும்பாலும் 20 முதல் 30 ஆம்பியர்வரை ஃபியூஸ் இருக்கும். ஃபியூஸ் பெட்டியின் மூடியில் எது எதற்கு என்று அச்சிட்டிருப்பார்கள். நிறத்தையும் நினைவில் வையுங்கள். சிவப்பு 10, நீலம் 15, மஞ்சள் 20, நிறமற்றது 25, பச்சை 30 ஆம்பியர்.

ஃபியூஸ் சில ரூபாய்ச் சாமான். அது போனால் அதே அளவில் ஒன்றைப் போடுங்கள். மறுபடியும் போனால், எங்கோ வயர் உரசுகிறது அல்லது மோட்டார் இறுகுகிறது என்று அது சொல்கிறது. அப்போது பெரிய ஃபியூஸ் போடுவதும், பம்ப்செட் பழக்கத்தில் செம்பு இழையைச் சுற்றி வைப்பதும் ஆபத்து. ஃபியூஸ் எரிய வேண்டிய நேரத்தில் வயர் எரியும். அந்த வயர் போவது சீட்டுக்கும் தரை விரிப்புக்கும் அடியில்.

தூசியும் வைக்கோலும்தான் மோட்டாருக்கு எமன்

உண்மையிலேயே போன மோட்டார்களில் பல, தானாகப் போனவை அல்ல. கண்ணாடி ஓடும் ரப்பர் பள்ளத்தில் செம்மண் தூசியும், வைக்கோல் துணுக்கும், தவிட்டுத் தூளும் அடைந்து இறுகிப்போக, அதைத் தள்ளித் தள்ளியே மோட்டார் சூடாகிவிடுகிறது. நம் வண்டிகள் போகும் பாதைக்கும் ஏற்றும் சரக்குக்கும் இது கூடுதலாகவே நடக்கும். கண்ணாடி பாதியில் நின்று, பத்து நிமிடம் கழித்து மறுபடி ஓடுகிறதா? பல மோட்டார்களுக்குள் சூடானால் தானே துண்டித்துக்கொள்ளும் பாதுகாப்பு இருக்கிறது. அது வேலை செய்கிறது. ‘இறுக்கத்தைப் பார்’ என்பதற்கான முன்னறிவிப்பு அது.

சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியை ஒரு தட்டைக் குச்சியில் சுற்றி, ரப்பர் பள்ளம் முழுவதையும் இரண்டு மூன்று முறை துடையுங்கள். உலர்ந்த பிறகு சிலிக்கான் ஸ்பிரே அடியுங்கள். தேங்காய் எண்ணெய், இன்ஜின் ஆயில், கிரீஸ் எதையும் ரப்பரில் தடவாதீர்கள். முதல் வாரம் வழுக்கும். பிறகு தூசியைப் பிடித்துக்கொண்டு பசையாகிவிடும். பெட்ரோலிய எண்ணெய் பட்டால் சில வகை ரப்பர் உப்பி, கண்ணாடியை இன்னும் இறுக்கும். கிரீஸ் போட வேண்டிய இடம் உள்ளே இருக்கும் ரெகுலேட்டரின் தண்டவாளமும் பல்லும்தான்.

பட்டறையில் கேட்க வேண்டிய கேள்வி

மோட்டார் போய்விட்டது என்று யார் சொன்னாலும், ‘மோட்டார் கப்ளரில் பல்ப் போட்டு, இரண்டு பக்கமும் எரிகிறதா என்று காட்டுங்கள்’ என்று கேளுங்கள். நல்ல வேலைக்காரர் மகிழ்ச்சியோடு காட்டுவார். மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால், மோட்டார் மட்டும் தனியாகக் கிடைக்கிறதா, ரெகுலேட்டர் மட்டும் போதுமா, செட்டாகத்தான் வருமா என்று மூன்று விலையையும் தனித்தனியாகக் கேளுங்கள். சென்னை புதுப்பேட்டை போன்ற பழைய உதிரிபாகச் சந்தைகளிலும் கிடைக்கும். அங்கே வாங்கினால் பேட்டரியில் ஓட்டிப் பார்த்து வாங்குங்கள். இடது கதவு மோட்டார் வலது கதவுக்குப் பொருந்தாது என்பதையும் நினைவில் வையுங்கள். மாற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

நீங்களே கழற்றுவதாக இருந்தால் ஓர் எச்சரிக்கை. மோட்டாரைக் கழற்றியதும் கண்ணாடி தடாலென்று விழலாம். முன்பே அகலமான டேப்பால் மேல் சட்டத்தோடு ஒட்டி, அடியில் மரக்கட்டை முட்டுக் கொடுங்கள். கத்தரிக்கோல் வகை ரெகுலேட்டரில் சுருள்வில் முறுக்கேறி நிற்கும். மோட்டார் விலகியதும் பல்சட்டம் வேகமாகச் சுழன்று விரலை நசுக்கிவிடும். அந்த வகை என்றால் பழகியவரிடம் விட்டுவிடுவதே நல்லது.

கேள்வி: ‘‘வெயில் நாளில் நன்றாக இயங்கும் கண்ணாடி, மழை பெய்த மறுநாள் மட்டும் வேலை செய்வதில்லை. கதவை ஆட்டினால் உள்ளே தண்ணீர் குலுங்கும் சத்தம் கேட்கிறது. ஏன்?’’

- ஒரு வாசகி, ஆரணி.

பதில்: கண்ணாடி வழியாக மழைநீர் கதவுக்குள் இறங்குவது இயல்புதான். அது வடிந்து போவதற்காகவே கதவின் அடி ஓரத்தில் சிறிய துளைகள் விட்டிருக்கிறார்கள். மண்ணும் இலைச் சருகும் அவற்றை அடைத்துவிட்டன. மெல்லிய குச்சியால் குத்தி விடுங்கள். குவளைக் கணக்கில் தண்ணீர் வந்தாலும் ஆச்சரியப்படாதீர்கள். பிறகு டோர் பேட்டைக் கழற்றி, மோட்டார் கப்ளரில் பச்சைக் களிம்பு பிடித்திருக்கிறதா என்று பாருங்கள். சுத்தம் செய்து, உலர்த்தி மாட்டுங்கள். கண்ணாடியின் வெளி ஓர ரப்பர் பீடிங் வெடித்திருந்தால் மாற்றுங்கள். உள்ளே இருக்கும் பாலித்தீன் தாள் கிழிந்திருந்தால் புதிதாக ஒட்டுங்கள். அது இல்லாவிட்டால் தண்ணீர் உள்பக்கம் வந்து சுவிட்சையும் தரை விரிப்பையும் நனைக்கும். துளையை அப்படியே விட்டால் கண்ணாடிக்கு முன்னால் கதவின் அடித்தகடு துருப்பிடித்துப் போகும்.

கேள்வி: ‘‘மூன்று மாதம் கொட்டகையில் நிறுத்தியிருந்த காரை எடுத்தால், நான்கு கண்ணாடிகளும் இயங்கவில்லை. எங்கிருந்து தொடங்குவது?’’

- ஒரு வாசகர், மன்னார்குடி.

பதில்: பேட்டரியிலிருந்து தொடங்குங்கள். முழுதாகச் சார்ஜ் ஏறிய பேட்டரி, வண்டி ஓடாதபோது ஏறக்குறைய 12.6 வோல்ட் காட்ட வேண்டும். 12-க்குக் கீழே இருந்தால் அநேகமாகக் காலி. அடுத்து ஃபியூஸ், ரிலே. மூன்றாவதாக எலி. நிறுத்தி வைத்த வண்டிக்குள் நெல் சிந்தியிருந்தால் போதும், எலி குடித்தனம் வந்துவிடும். வயர் தோலைக் கடித்த அடையாளம், புழுக்கை, துணித் துணுக்கு ஆகியவை இன்ஜின் பகுதியிலும் சீட்டுக்கு அடியிலும் இருக்கின்றனவா என்று பார்த்த பிறகே ஃபியூஸை மாற்றுங்கள். கடிபட்ட வயரோடு புது ஃபியூஸ் போட்டால் அதுவும் போகும். பேட்டரியைக் கழற்றி மாட்டிய பிறகு, சில கார்களில் ஒரே அழுத்தில் முழுதாக ஏறும் வசதி மட்டும் வேலை செய்யாது. கண்ணாடியை முழுவதும் ஏற்றி, சுவிட்சைச் சில விநாடிகள் அப்படியே பிடித்திருந்தால் பல மாடல்களில் அது திரும்பிவிடும்.

கேள்வி: ‘‘தொல்லை வேண்டாம் என்று, கையால் சுற்றும் கண்ணாடிக்கே மாற்றிவிடலாமா?’’

- ஒரு வாசகர், கம்பம்.

பதில்: உங்கள் மாடலின் குறைந்த விலை வகை கைச்சுற்றுக் கண்ணாடியோடு வந்திருந்தால், அதன் ரெகுலேட்டரும் கைப்பிடியும் பெரும்பாலும் பொருந்தும். டோர் பேட்டில் துளை போட வேண்டியிருக்கும். மோட்டார் கிடைக்காத பழைய வண்டிக்கு இது நல்ல வழி. ஆனால், மேலே சொன்ன சோதனைகளைச் செய்துவிட்டு முடிவெடுங்கள். ஒரு சுவிட்சுக்காக நான்கு கதவையும் பிரிக்க வேண்டியதில்லை.

எல்லோருக்கும் ஒரு வார்த்தை

கண்ணாடி ஏறாவிட்டால் மழை நனைக்கும். இறங்காவிட்டால் அதைவிடப் பெரிய ஆபத்து. நம் ஊர்ச் சாலை ஓரங்களில் சுற்றுச்சுவர் இல்லாத கிணறுகளும், வாய்க்கால்களும், ஏரிக்கரைகளும் உண்டு. வண்டி தண்ணீரில் இறங்கிவிட்டால் நீர் அழுத்தத்தில் கதவு திறக்காது. முதல் சில விநாடிகளிலேயே சீட் பெல்ட்டை அவிழ்த்து, பக்கக் கண்ணாடியை இறக்கி வெளியேறுவதுதான் வழி. அதனால் ‘ஏசி இருக்கிறதே, கண்ணாடி இறங்காவிட்டால் என்ன’ என்று விட்டுவிடாதீர்கள். கூர்முனை கொண்ட சிறு சுத்தியல் ஒன்றைக் கைக்கு எட்டும் இடத்தில் வையுங்கள். உடைக்க வேண்டி வந்தால் பக்கக் கண்ணாடியின் மூலையில் அடியுங்கள். முன் கண்ணாடி இரண்டு அடுக்குக்கு நடுவே பிளாஸ்டிக் தாள் வைத்தது. அது சிதறி வழிவிடாது.

குழந்தைகள் ஏறினால் அந்தப் பூட்டுப் பொத்தானை அழுத்தி வையுங்கள். சாவியை வண்டியிலேயே விட்டு இறங்காதீர்கள். பழைய கார்களில் பெரும்பாலும் கையோ கழுத்தோ சிக்கினால் தானே நிற்கும் வசதி கிடையாது. பழுது பார்த்த மறுநாள் பழைய பலத்தோடு ஏறும் கண்ணாடியில் பிள்ளைகளின் விரல் எங்கே இருக்கிறது என்று ஒருமுறை பார்த்துவிட்டு அழுத்துங்கள்.

தாராபுரம் வாசகருக்கு: சோதனைகளைச் செய்துவிட்டு, எந்தச் சுவிட்சில் எந்தப் பக்கம் இயங்கியது, பல்ப் எப்படி எரிந்தது என்று எழுதுங்கள். மற்றவர்கள் கேள்வி அனுப்பும்போது வண்டியின் மாடல், ஆண்டு, எந்தக் கதவு, ஏறவில்லையா இறங்கவில்லையா, சத்தம் வருகிறதா என்ற ஐந்து விவரங்களையும் சேர்த்து எழுதினால் பதில் சொல்ல எளிதாக இருக்கும்.